ஏழடிப் பலகைக்கு ஒரு டிக்கெட்டு

ரெண்டு மாசமாக சுஜிதாவுக்கு அலைச்சறுக்குப் பலகை யோசனைதான். போடியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை, குடியிருப்பு மலை மேலே ஏலத்தோட்டத்து வீட்டில். காலையில் ஜீப்பெல்லாம் கூலியாட்களை அடைத்துக்கொண்டு மலையேறும்போது இவள் ஒருத்தி மட்டும் எதிர்த்தாப்ல இறங்குவாள். பத்து மணி நேரம் நின்ற காலோடு திரும்ப ஏறுவாள். இந்த லட்சணத்தில் அலைச்சறுக்கு ஒரு கேடா என்று கேட்காத ஆளில்லை. கேட்டால் கேட்டுட்டுப் போகட்டும். கல்யாணத்துக்கு முன்னே கடலோர வர்க்கலையில் வேலை பார்த்த மூணு வருசத்தில், அசதி என்பதே தெரியாமல் அவள் இருந்தது அந்தத் தண்ணிக்குள்ளே மட்டும்தான்.

ஆவணியில் நாலு நாள் லீவு கிடைத்தது. வருசத்துக்கே அந்த நாலு நாள்தான். மணப்பாட்டுக் கடலில் நல்ல அலை வரும் நேரம். வர்க்கலையில் பழகின ஒன்பதடிப் பலகை சாதுவான அலைக்குச் சொகம். பெரிய அலையில் மூக்கைக் குத்திக் கவிழ்த்துவிடும், பஸ்சிலும் ஏறாது. ஆறடிக்குள்ளே எடுத்தால் சுமக்க லேசு, ஆனால் அதில் எழுந்து நிற்க இருபது வயசு முழங்கால் வேணும். இவளுக்கு முப்பத்திநாலு. போனில் நாலு பேரை நச்சரித்து, படங்களைப் பெரிசு பண்ணிப் பார்த்து, கடைசியில் ஏழடிக்கு வந்து நின்றாள். நடுவில் அகலம், வால் பக்கம் ஒடுக்கம். சின்ன அலையையும் பிடிக்கும், பெரிய அலையிலும் வழுக்கிவிடாது, பஸ்சில் சாய்த்து நிறுத்தலாம், ஜீப்பில் கட்டலாம். எல்லாத்துக்கும் ஆகிவருகிற ஒரே பலகை.

மதுரையில் போய் வாங்கினாள். திரும்புகிற பஸ்சில் கண்டக்டர் பலகையை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஏம்மா, ஒரு ஆளு எடத்த அடைக்குதுல்ல? இதுக்கும் முழு டிக்கெட்டு எடுத்துரு" என்றார். எடுத்தாள். வாதாடத் தெம்பில்லை. போடியில் ஜீப்பின் கூரையில் கட்டி ஏற்றியபோது பிடித்த மழை, வீடு வரைக்கும் விடவில்லை.

புருசன் பாண்டியராஜ் அதே தோட்டத்தின் ஸ்டோரில் ஏலக்காய் உலர்த்துகிறவன். பச்சைக் காயைத் தட்டில் பரப்பி, சூடு ஏற்றி, நிறம் போகாமல் காயவைத்து எடுப்பதில் அவனை அடிச்சுக்க ஆளில்லை. பேச்சுத்தான் வாயில் வராது. "ஏங்க, இதக் கொஞ்சம் பாத்துக்கங்க. நாளைக்கு மத்தியானம் நான் கெளம்பணும்" என்று சொல்லிவிட்டு ஈரத் தலையோடு படுத்தவள், காலை ஏழு மணிக்குத்தான் கண் முழித்தாள்.

பலகையைக் காணோம். வீடு பூராத் தேடிவிட்டு ஸ்டோருக்கு ஓடினாள். சூடு பறக்கிற அறையில், காய்த் தட்டுகளுக்கு நடுவே அது கிடந்தது. மேல்தோல் அப்பளம் மாதிரி அங்கங்கே உப்பியிருந்தது. விரலால் அழுத்தினாள். பொதுக்கென்று உள்ளே போனது.

"எத்தன டிகிரி வச்சீங்க?"

"காய்க்கு வைக்கிறதுதான், அம்பத்தஞ்சு." பெருமையாகத்தான் ஆரம்பித்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் குரல் இறங்கியது. "சொட்டச் சொட்ட நனைஞ்சு வந்துச்சேன்னுதான்... நீ கெளம்பயில ஈரமா இருக்கக் கூடாதுல்ல. ரெண்டு தட்டுக் காய எறக்கிட்டுத்தான் எடம் பண்ணேன்."

"அய்யோ, கடல்லயே கெடக்கிற சாமானுங்க அது! அத எதுக்குக் காயப்போடணும்?"

"எனக்குத் தெரியாதே புள்ள. நான் கடலப் பாத்ததில்லையே."

பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை. நாலு வார்த்தை நல்லாக் கேட்டுவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தாள். அழுகைதான் வந்தது. சாக்கின் மேல் உட்கார்ந்து அழுதாள். பலகைக்காக அழுதாள், வீணாய்ப் போன லீவுக்காக அழுதாள், வலிக்கிற காலுக்காகவும் சேர்த்து அழுதாள். அவன் பக்கத்தில் கையைப் பிசைந்துகொண்டு நின்றான். இறக்கி வைத்த ரெண்டு தட்டுக் காயும் ஒரு மூலையில் பச்சையாகவே கிடந்தன. முதலாளி வந்தால் அதுக்கும் அவனுக்குத்தான் ஏச்சு. ரெண்டு மாசமாக ஊரில் உள்ளவனிடமெல்லாம் கேட்டவள் இவனிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஏழு வருசம் கூட வாழ்ந்தவன் கடலையே பார்த்ததில்லை என்பது அவளுக்கே இப்போதுதான் தெரியும்.

முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"வெரசாக் குளிச்சிட்டு வாங்க. கூட வேலை செய்யிற ராக்கையா அண்ணன்கிட்ட ஸ்டோர ஒப்படைச்சிருங்க. மத்தியான பஸ்சுக்குப் போகணும்."

"பலகையத் தூக்கிட்டு வரவா?"

"அது இங்கயே கெடக்கட்டும். அதுக்கு எடுக்க வேண்டிய டிக்கெட்ட உங்களுக்கு எடுக்குறேன்."