கையில இருந்தது

எங்க பயராபீசுல, அதான் பட்டாசு ஆலையில, போர்மேன் நல்லசிவம் அண்ணாச்சி தினமும் காலையில ஒரே பாட்டத்தான் பாடுவாரு. "சத்தம் கேட்டா கையில இருக்கதப் போடு. ஓடு. திரும்பிப் பாக்காத." கேட்டுக் கேட்டு எனக்கு அது ரத்தத்துலயே ஊறிப் போச்சு. எம். புதுப்பட்டியில பட்டாசு வேலைக்குப் போறவுக எல்லாருக்கும் அப்படித்தான். எங்க வீட்டுக்காரரு சிவபாண்டி மட்டும் கேக்கல. ரூமு வெடிச்சப்ப வெளிய ஓடி வந்த மனுசன், நான் வந்துட்டேனான்னு திரும்பிப் பாத்தாரு. காணலன்னு மறுபடி உள்ள போனாரு. நான் அடுத்த வாசல் வழியா அப்பவே வெளிய போயிருந்தேன். கூறுகெட்ட மனுசன்.

அவுக அண்ணன் அருள்பாண்டி அத்தானுக்கு விருதுநகர்ல வீடு, ஊருக்கு வெளிய தோட்டம், கார் எல்லாம் இருக்கு. பிள்ளைதான் இல்ல. கருமாதி முடிஞ்ச அன்னைக்கே அவரு பொண்டாட்டி வள்ளித்தாய் அக்கா என் மக மாரிச்செல்விய மடியில தூக்கி வச்சுக்கிட்டு ஆரம்பிச்சுட்டா. "பிள்ளைய எங்களுக்குக் குடுத்துரு மீனா. நாளைக்கு நீயும் அவரு மாதிரி கரிக்கட்டையாப் போனா இவ எங்க போவா?"

கேட்டீகளா பேச்சை? தாலி அறுத்த ஈரம் காயல, அதுக்குள்ள!

முடியாதுன்னேன். விட்டாளா? ஒரு வருசம் நச்சரிச்சா. கடைசியில அத்தான் பஞ்சாயத்துப் பண்ணுனாக. "பொங்கல் லீவுக்கு எல்லாரும் மெட்ராஸ் போயிட்டு வருவோம். வந்ததும் பிள்ள வாயாலயே கேப்போம். யாருகிட்ட இருக்கேன்னு சொல்லுதோ அங்கன இருக்கட்டும். அதுக்குப் பெறவு ஒருத்தரும் மூச்சு விடக் கூடாது."

சரின்னுட்டேன். எனக்கென்ன பயம்? ஆறு வயசாகியும் என் காதுமடலப் பிடிச்சாத்தான் அவளுக்குத் தூக்கம் வரும். மெட்ராசக் காட்டுனா பிள்ள மனசு மாறிருமாக்கும்!

கார்ல நான் கதவோரமா உக்காந்தேன். பயராபீசு ரூமுலயும் வாசலுக்கு நேரா உக்காந்துதான் வெடிச் சரம் பின்னுவேன், பழக்கம். "தள்ளி உக்காரு, உன்னைய யாரும் தூக்கிட்டுப் போக மாட்டாக"ன்னு அக்கா நக்கலடிச்சா. போற வழியெல்லாம் பிள்ளைக்கு சிப்சு, ஜூஸ், பொம்மைன்னு வாங்கி அடுக்குனா. என் மக சமத்து, அம்புட்டையும் வாங்கிக்கிட்டு என் மடியில படுத்து என் காதப் பிடிச்சுக்கிட்டுத் தூங்கிட்டா. அக்கா மூஞ்சிய நீங்க பாத்திருக்கணும்! எனக்குச் சிரிப்பா வந்துச்சு.

காணும் பொங்கல் அன்னைக்கு மெரினாவுக்குப் போனோம். இருக்கன்குடி கோயில் ஆடி வெள்ளிக் கூட்டத்தயே பாத்தவ நான், எனக்கே மூச்சு முட்டுச்சு. கடல்ல இறங்க விடாம கம்பு கட்டி மறிச்சிருந்தாக. பிள்ளைக தொலஞ்சிரக் கூடாதுன்னு போலீசுக்காரப் பொம்பளைக ஒவ்வொரு பிள்ள கையிலயும் பட்டை கட்டி, அதுல போன் நம்பர் எழுதுனாக. நான் வாயத் தொறக்கங்குள்ள அக்கா அத்தான் நம்பரச் சொல்லிட்டா. "உன் போனு எப்பவும் செத்துத்தான கெடக்கு!" போய்த் தொலையுதுன்னு விட்டுட்டேன். மக கைய நான்தான பிடிச்சிருக்கேன்.

சாயங்காலம் கார் நிக்கிற இடத்துக்கு ரோட்டோரமா நடந்து வாரோம். முன்னால அத்தானும் அக்காவும். பின்னால நானும் மாரியும். பஞ்சுமிட்டாயத் தின்னு முடிச்ச பிசுபிசுத்த கைய என் கைக்குள்ள வச்சுக்கிட்டு என்னமோ கதை பேசிக்கிட்டு வாரா. பின்னால மேளச் சத்தம் வந்துச்சு. குப்பத்துச் சனங்க யாரோ செத்தவரத் தூக்கிட்டு வாராக போலன்னு நெனச்சேன். அவ்வளவுதான். எங்க காலுக்குக் கிட்டக்க சரவெடியப் பத்த வச்சுட்டானுக.

போட்டேன். ஓடுனேன். திரும்பிப் பாக்கல.

செருப்பு எங்க போச்சுன்னு தெரியாது. யார் யார இடிச்சுத் தள்ளுனேன்னு தெரியாது. மூச்சு வாங்கி நின்னு பாத்தா, சுத்தி இருக்க சனம் ஐஸ்கிரீம் தின்னுக்கிட்டு என்னைய வேடிக்கை பாக்குது. எங்கயும் தீ இல்ல. யாரும் ஓடல. என் உள்ளங்கையில ரோஸ் கலர்ல சீனிப்பாகு ஒட்டியிருந்துச்சு.

அய்யோ மாரியாத்தா! என் பிள்ள!

அலறிக்கிட்டுத் திரும்ப ஓடுனேன். அந்த இடத்துல வெடிப் பேப்பரும் மிதிபட்ட பூவும்தான் கெடந்துச்சு. அந்தக் கூட்டத்துல பைத்தியக்காரி மாதிரி ஒவ்வொரு பிள்ளையாப் பிடிச்சு மூஞ்சியப் பாத்தேன். ஒருத்தரு போலீஸ் கூடாரத்தக் காட்டிவிட்டாரு. போனா, கைப் பட்டையப் பாத்து அத்தானுக்கு அப்பவே போன் பண்ணியிருக்காக. என் மக அக்கா மடியில உக்காந்திருந்தா. அழுது ஓஞ்சு, முந்தானையில மூக்கச் சிந்திக்கிட்டிருந்தா.

"நீங்க யாரும்மா?"ன்னு போலீசுக்காரப் பொம்பள கேட்டாக.

"அவதான் பெத்தவ," அக்கா முந்திக்கிட்டா. "வெடிச் சத்தத்துக்குப் பிள்ளைய விட்டுட்டு ஓடுன புண்ணியவதி."

"சரவெடிக்கா ஓடுனீங்க? எந்த ஊரு?"

"சிவகாசிப் பக்கம்"னேன். கூடாரத்துல இருந்த அம்புட்டுப் பேரும் சிரிச்சாக. அக்காவும் சிரிச்சா.

"நான் கூப்பிட்டுக்கிட்டே இருந்தேன்," மாரி சொன்னா. "அம்மா திரும்பவே இல்ல."

உங்கப்பன் திரும்பிப் பாத்துத்தான்டி செத்தாருன்னு ஆறு வயசுப் பிள்ளைகிட்ட எப்படிச் சொல்ல?

மறுநாள் ஊருக்குக் கெளம்புனோம். விழுப்புரத்துல டீ குடிக்க இறங்கி, ரோட்டைத் தாண்டணும். நான் கைய நீட்டுனேன். மாரி ரெண்டு கையயும் முதுகுக்குப் பின்னால கட்டிக்கிட்டா. "வேணாம். நீ விட்டுருவ."

அதுக்கு மேல நான் டீ குடிக்கல. திருச்சியத் தாண்டுனதும் அவளுக்குத் தூக்கம் வந்துருச்சு. அக்கா மடியில படுத்து, கைய மேல தூக்கி, அக்கா காதத் தேடிப் பிடிச்சா. அக்கா காதுல கெடந்த தோட்டக் கழத்தி என்கிட்ட நீட்டுனா. "பிள்ள கையில குத்தும். பையில பத்திரமா வை மீனா." வச்சேன்.

விருதுநகர் வீட்டுல அத்தான் பிள்ளைய நடுவுல நிக்க வச்சுக் கேட்டாக. "மாரி, அம்மாகிட்ட இருக்கியா, பெரியம்மாகிட்ட இருக்கியா?"

அவ என்னையப் பாத்தா. ரொம்ப நேரம் பாத்தா.

"பெரியம்மாகிட்ட. வெடிச்சா பெரியம்மா ஓட மாட்டா."

அத்தான் தலையத் தொங்கப் போட்டுக்கிட்டாக. அக்கா வாசல் வரைக்கும் வந்து வழியனுப்புனா. "எப்ப வேணும்னாலும் வந்து பாரு, யாரு வேணாம்னா? வரும்போது நல்லாக் குளிச்சிட்டு வா. வெடிமருந்து வாடை பிள்ளைக்கு ஆகாது." பாவி! ஆனா அந்தப் பஞ்சாயத்துக்குச் சரின்னு நான்தான சொன்னேன்?

திங்கக்கிழமை பயராபீசு தொறந்துச்சு. லீவு முடிஞ்சு வந்தவுக எல்லாரையும் நிப்பாட்டி வச்சு நல்லசிவம் அண்ணாச்சி ஆரம்பிச்சாரு. "சத்தம் கேட்டா கையில இருக்கதப் போடு. ஓடு. திரும்பிப் பாக்காத."

"போடுறதுக்கு என் கையில ஒண்ணும் இல்ல அண்ணாச்சி"ன்னேன்.

அவருக்கு என்ன தெரியும்? "இன்னும் சரம் குடுக்கலயா? இந்தா, பிடி"ன்னு என் கையில குடுத்துட்டு அடுத்த ரூமுக்குப் போயிட்டாரு.