மூன்று நாற்பதில் நின்ற பின்னேரம்

கொக்கிளாய்க் களப்புக் கரையில் நடந்த சிறுவர் விடுமுறை முகாமின் கடைசி நாள் பதினொரு நாட்கள் நீடித்தது. ஓகஸ்ட் முப்பத்தோராம் திகதி பின்னேரம் மூன்று நாற்பதுக்குச் சூரியன் களப்புக்கு மேலே வந்து நின்றது. பிரதம விருந்தினர் வராதபடியால் அதற்கு மேல் நகரவில்லை. வேலிக்கு வெளியே வழமைபோல இரவு வந்தது, பகல் வந்தது, பாண்காரனின் ஓட்டோ வந்தது, செப்டெம்பர் பிறந்து பள்ளிக்கூடமும் தொடங்கியது. வேலிக்கு உள்ளே நாற்பது பிள்ளைகள் பூத்தட்டோடு இரண்டு வரிசையில் நின்றார்கள். நம்பாதவர்கள் அந்தப் பிள்ளைகளின் முகத்தைப் போய்ப் பார்க்கலாம். எல்லாருக்கும் இடது கன்னம் மட்டும் ஒரு மடங்கு கூடக் கறுத்திருக்கும்.

பிள்ளைகளுக்குப் பொறுப்பாக நின்றவள் யூலிற்றா. சிலாவத்தையில் கடற்தொழில் செய்யும் மரியநாயகத்தின் மூத்த மகள், முப்பது வயது, வருடத்தில் பதினொரு மாதமும் முன்பள்ளி ரீச்சர். ஓகஸ்ட் விடுமுறைக்கு மட்டும் அந்த முகாமில் தங்கிநின்று பிள்ளைகளைப் பார்க்கும் வேலை. நாலு கிழமையில் அவள் பேன் பார்த்தாள், காய்ச்சலுக்கு நெற்றியில் துணி நனைத்துப் போட்டாள், படுக்கையை நனைத்த பிள்ளையை மற்றவர்கள் அறியாமல் எழுப்பிக் கழுவிவிட்டாள், குளத்தைத் தவிர வேறு தண்ணீர் பார்த்திராத துணுக்காய்ப் பிள்ளைகளைக் களப்பில் நீந்தவும் வைத்தாள். முகாமை நடத்தியது வெளிநாட்டு உதவியில் ஓடுகிற ஒரு நிறுவனம். பெயர் எதற்கு, எல்லாம் ஒன்றுதான். வாசலில் அவர்கள் எழுதிவைத்த பெயர் 'மகிழ்ச்சி முகாம்'. சண்டை முடிந்து சனம் முள்கம்பிக்குள் அடைபட்டுக் கிடந்த வன்னியில் முகாம் என்ற சொல் காதில் விழுந்தால் தாய்மார் முதலில் அடையாள அட்டையைத் தேடுவார்கள், பிறகுதான் மூச்சு விடுவார்கள். இதை அவர்களுக்கு எடுத்துச் சொல்ல ஒருவரும் இல்லையா என்று கேட்பீர்கள். யூலிற்றா சொன்னாள். பலகை எழுதியாகிவிட்டது என்றார்கள்.

பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்ட முதல் நாளில், துணுக்காயிலிருந்து வந்த விமலேஸ்வரி தன் மகள் வினோஜாவின் கையை விடவே இல்லை. பதினொரு வயதுப் பிள்ளை, தண்ணீரைப் பார்க்க வேண்டுமென்று இழுத்துக்கொண்டு நின்றது. "ரீச்சர், பிள்ளையைப் பாரமெடுத்ததுக்கு ஒரு துண்டு தாங்கோ" என்று கேட்டாள் விமலேஸ்வரி. அப்படித் துண்டு கொடுக்கும் வழக்கம் நிறுவனத்தில் இல்லை. யூலிற்றா கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து, கடைசி நாள் பின்னேரம் பிள்ளையைத் தாயின் கையில் ஒப்படைப்பேன் என்று எழுதத் தொடங்கினாள். விமலேஸ்வரி எட்டிப் பார்த்து மறித்தாள்.

"பின்னேரம் எண்டு போடாதேங்கோ. நேரத்தைப் போடுங்கோ. சண்டை முடிஞ்ச நேரம் என்ர தம்பி நிரோஜனை அம்மா தன்ர கையாலதான் ஆமியிட்டப் பாரம் குடுத்தவா. விசாரிச்சுப்போட்டுப் பின்னேரம் விடுவம் எண்டுதான் அவாவுக்குச் சொன்னவை. அந்தப் பின்னேரம் இன்னும் வரேல்ல."

அழாமல், பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னாள். யூலிற்றா 'பின்னேரம்' என்பதை வெட்டிவிட்டு 'நாலு மணிக்கு' என்று எழுதி, கீழே முழுப் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் போட்டுக் கையெழுத்து வைத்தாள். பின்னால் நின்ற முப்பத்தொன்பது தாய்மாரும் தங்களுக்கும் அப்படியே வேண்டுமென்றார்கள். அன்றோடு அந்தக் கொப்பி முடிந்தது.

கடைசி நாளுக்கு நிறுவனத்தின் இணைப்பாளர் சுமன் நிகழ்ச்சி நிரலை மினுங்கல் தாளில் அச்சடித்துக்கொண்டு வந்தான். மூன்று நாற்பதுக்குப் பிரதம விருந்தினரை வரவேற்றல். அதன் பிறகு றிபன் வெட்டல், மங்கல விளக்கேற்றல், வரவேற்பு நடனம், எட்டுப் பேரின் உரை, சான்றிதழ் வழங்கல், நன்றியுரை. பிள்ளைகளைப் பெற்றோரிடம் ஒப்படைத்தல் என்பது எல்லாவற்றுக்கும் கீழே, கடைசி வரியில் கிடந்தது. எட்டு உரையும் நாலு மணிக்குள் எப்படி முடியும் என்று யூலிற்றா கேட்டதற்கு, "ஐயா சுருக்கமாத்தான் கதைப்பார், ரீச்சர்" என்றான். படலைக்குக் குறுக்கே சிவப்பு றிபன் கட்டினார்கள். படலையிலிருந்து மேடைவரை நிலத்துக்கு வெள்ளைச் சீலை விரித்தார்கள். மேடையில் வெள்ளைத் துணி போர்த்த கதிரை, அதற்குப் பக்கத்தில் சீவி வைத்த ஒரு செவ்விளநீர். பெற்றோர் ஐயாவுக்குப் பின்னால்தான் உள்ளே வரலாம் என்பது ஏற்பாடு.

மூன்று நாற்பது ஆனது, ஐயா வரவில்லை. சுமன் தொலைபேசியில் கேட்டான். ஐயா வவுனியாவில் ஒரு தண்ணீர்த் தாங்கியைத் திறந்துவைத்துக்கொண்டிருக்கிறார், இந்தா வெளிக்கிடுகிறார் என்று பதில் வந்தது. யூலிற்றா மேடை மணிக்கூட்டைப் பார்த்தாள். செக்கன் கம்பி சுற்றிச் சுற்றி ஓடியது, பெரிய கம்பி அசையவில்லை. பற்றரி போய்விட்டதாக்கும் என்று நினைத்தாள். வெளியே இருட்டிவிட்டதென்று வேலிக்கு அப்பால் நின்ற தாய்மார் சொன்னபோதுதான் விடயம் விளங்கியது. சுமன் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. "நல்லதாப் போச்சு. ஐயா எப்ப வந்தாலும் வெளிச்சம் இருக்கும், படம் வடிவா வரும்" என்றான்.

இரண்டாம் நாள் ஐயா புளியங்குளத்தில் ஒரு மலசலகூடத்தைத் திறந்தார். நாலாம் நாள் நெடுங்கேணியில் ஒரு மதகு. ஆறாம் நாள் முள்ளியவளைச் சந்தியில் பொன்னாடை போர்த்தினார்கள், அவர் பதிலுக்கு உரையாற்றினார், அந்த உரை அடுத்த நாள் மத்தியானம் முடிந்தது. ஒவ்வோர் அழைப்பு வரும்போதும் சுமன் கையைத் தட்டுவான், பிள்ளைகள் எழும்பி வரிசையில் நிற்க வேண்டும், பூத்தட்டை நெஞ்சுக்கு நேரே பிடிக்க வேண்டும். இந்தா வந்துவிட்டார், இந்தா வந்துவிட்டார். பிறகு இருக்கச் சொல்வான். பிள்ளைகள் வெயிலிலேயே துவாயால் கண்ணை மூடிக்கொண்டு நித்திரை கொண்டார்கள். நிழல் நகராதபடியால் நிழலில் இடம்பிடித்தவர்கள் எழும்ப மறுத்தார்கள், அதற்காக அடிபிடி நடந்தது. அரிசி முடிந்தது, பருப்பு முடிந்தது, தாங்கியில் தண்ணீர் அடிமட்டத்துக்கு வந்தது. நாற்பது பிள்ளைகள் நாக்கு வறண்டு கிடக்க, அந்த ஒற்றை இளநீர் துணியால் மூடப்பட்டு மேடையில் இருந்தது. அதை ஒருவரும் தொடவில்லை, ஏனென்றால் அது ஐயாவுடையது. இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது!

தாய்மார் வேலிக்கு வெளியே பாய் விரித்துக் கிடந்தார்கள். கல் வைத்து அடுப்பு மூட்டிச் சமைத்துச் சோற்றுப் பார்சலைக் கம்பிக்கு மேலால் நீட்டினார்கள். விடியற்காலையில் நீட்டிய கைகள் முழங்கைவரை பின்னேர வெயிலில் இருந்தன. துணுக்காயில் விமலேஸ்வரியின் புருஷன் யோகநாதன் சிறுபோக நெல்லைத் தனியே வெட்டிக்கொண்டு நின்றார். பள்ளிக்கூடங்களில் இந்த நாற்பது பிள்ளைகளுக்கும் வரவில்லை என்று கோடு விழுந்தது. ஒரு றிபன்தானே, குனிந்து உள்ளே போய்ப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கலாமே என்று இப்போது சிலர் கேட்கிறார்கள். அப்படிக் கேட்பவர்கள் வன்னியில் வரிசையில் நின்றிராதவர்கள். முறைப்படி வெளியே வராத ஆளுக்கு என்ன நடக்கும் என்பது அந்தத் தாய்மாருக்குத் தெரியும். பட்டியலில் பெயர் வெட்டுப்பட்டால் பிறகு எந்தக் கந்தோரில் போய் நின்று தன் பிள்ளை உயிரோடு இருப்பதை நிரூபிப்பது? ஷெல்லுக்கு நடுவால் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்த பெண்கள், ஒரு முழ றிபனுக்கு முன்னால் பதினொரு நாள் இருந்தார்கள்.

பதினோராம் நாள் காலை எட்டு மணிபோல விமலேஸ்வரி படலைக்கு வந்தாள். முந்தானையில் முடிந்து வைத்த துண்டை எடுத்து விரித்து றிபனுக்கு மேலால் நீட்டினாள். "தங்கச்சி, இதில நாலு மணி எண்டு கிடக்கு" என்றாள். யூலிற்றா வாயைத் திறக்க முதல் சுமன் குறுக்கே வந்தான்.

"நாலு மணி இன்னும் ஆகேல்லைத்தானே அக்கா. மணிக்கூட்டைப் பாருங்கோ. ரீச்சர் எழுதினது பிழைக்கேல்ல."

விமலேஸ்வரி சண்டைக்குப் போகவில்லை. துண்டைப் பழைய மடிப்பிலேயே மடித்தாள். "ஓம் சேர். அம்மாவும் சாகுமட்டும் மணிக்கூட்டைப் பாத்துக்கொண்டுதான் இருந்தவா" என்று சொல்லிவிட்டுத் தன் பாயில் போய் இருந்துகொண்டாள்.

யூலிற்றாவுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. தன் கையெழுத்தை இந்த மனிதன் எந்தக் கூட்டத்தோடு சேர்த்துவிட்டான்! தான் எழுதிய நாலு மணியும் இப்போது அந்தப் பின்னேரத்தைப் போலத்தான், பிழைக்கவும் இல்லை, வரவும் இல்லை. அவள் குசினிக்குள் போய் மீன் வெட்டுகிற கத்தியை எடுத்துக்கொண்டு விறுவிறென்று படலைக்கு வந்தாள். ஒரே இழுவை. றிபன் இரண்டு பக்கமும் தொங்கியது.

"ரீச்சர்! உங்களுக்கென்ன விசரா? அது ஐயா வெட்டவேண்டிய றிபன்!"

"ஐயா வரட்டும். கடையில ஒரு கட்டை றிபன் வாங்கிக் குடுக்கிறன், இருந்து ஆசைதீர வெட்டட்டும்."

விமலேஸ்வரியின் கையைப் பிடித்து எழுப்பி, விரித்த வெள்ளைக்கு மேலால் மேடைக்குக் கூட்டிக்கொண்டு போய், துணி போர்த்த கதிரையில் இருத்தினாள். சேலையெல்லாம் புழுதி, பதினொரு நாள் தலை இழுக்காத மனுசி, "என்ன பிள்ளை இது, விடும்" என்று எழும்பப் பார்த்தாள். யூலிற்றா விடவில்லை. ஐயாவுக்கென்று கட்டி வாளியில் வாடிக்கிடந்த மாலையை உதறி அவள் கழுத்தில் போட்டாள். இளநீரை முன் வரிசையில் நின்ற சின்னப் பிள்ளையிடம் கொடுத்து, குடித்துவிட்டு அடுத்த ஆளுக்குக் கொடுக்கச் சொன்னாள். பிறகு மைக்கை வாங்கி, "எங்கட பிரதம விருந்தினர் துணுக்காயிலயிருந்து வந்திருக்கிறா. எல்லாத்தையும் விட்டிட்டுக் கடைசி வரியிலயிருந்து தொடங்குவம்" என்றாள்.

முதல் பிள்ளையின் பெயரை வாசித்தாள். தாய் மேடைக்கு ஏறினாள். விமலேஸ்வரி பிள்ளையின் கையை எடுத்துத் தாயின் கைக்குள் வைத்தாள், ஆனால் தன் பிடியை விடாமல், "வடிவாப் பாரும். உம்மட பிள்ளைதானே?" என்று கேட்டாள். தாய் ஓம் என்ற பிறகுதான் விட்டாள். அந்த நேரத்தில் மணிக்கூட்டின் பெரிய கம்பி அசைந்தது. அடுத்த பிள்ளை. அடுத்த தாய். அதே கேள்வி, அதே ஓம். பிள்ளைக்கு அரை நிமிடமாகக் கம்பி நகர்ந்துகொண்டு போனது, சூரியனும் கூடவே இறங்கியது. சுமன் தொலைபேசியில் யாருக்கோ கத்திக்கொண்டிருந்தான். பிறகு அதையும் நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றான். உன் பிள்ளையை முதலில் எடுத்துக்கொள் என்று மற்றத் தாய்மார் சொன்னதை விமலேஸ்வரி கேட்கவில்லை. "ஒண்டும் மிச்சம் நிக்கக்கூடாது. எல்லாரையும் குடுத்து முடியட்டும்" என்றாள்.

நாற்பதாவதாக நின்றது வினோஜா. பிள்ளையைக் கொடுக்க வேண்டியவளே வாங்க வேண்டியவளும் ஆனபடியால் யூலிற்றா மைக்கை வைத்துவிட்டு வந்தாள். வினோஜாவின் கையைப் பிடித்துத் தாயின் கையில் வைத்து, "வடிவாப் பாருங்கோ அக்கா. உங்கட பிள்ளைதானே?" என்று கேட்டாள். விமலேஸ்வரி மகளின் கறுத்த கன்னத்தையும் வெளுத்த கன்னத்தையும் தடவிப் பார்த்தாள்.

"ஓம்."

"நாலு மணி" என்றாள் யூலிற்றா. கம்பி அங்கேதான் நின்றது. அப்போதுதான் விமலேஸ்வரி கதிரையில் இருந்தபடியே வாய்விட்டுக் குழறி அழுதாள். தம்பியின் பெயரைச் சொன்னாள், தாயின் பெயரைச் சொன்னாள். அவளை ஆற்ற வந்த பெண்களும் தங்கள் தங்கள் வீட்டுப் பெயர்களைச் சொல்லித் தொடங்கிவிட்டார்கள். பிள்ளைகள் ஒன்றும் விளங்காமல் தாய்மாரின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

அதற்குள் அந்தப் பின்னேரம் வளவிலிருந்து கழன்றுவிட்டது. களப்பில் வலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் கண்டிருக்கிறார்கள்: பாய் அளவான மஞ்சள் வெயில் ஒன்று தண்ணீருக்கு மேலால் கரைக்கு ஏறி, வீதி வழியே வடக்குப் பக்கம் போனது. முகாம் வளவுக்குள் காலை எட்டரை மணி வெளிச்சம் விழுந்தது. தாய்மார் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பத்து மணி பஸ்ஸைப் பிடித்தார்கள். அடுத்த மாதம் நிறுவனத்திலிருந்து யூலிற்றாவுக்குக் கடிதம் வந்தது, முகாம் முறைப்படி முடிக்கப்படவில்லை, இனி வேலைக்கு வரவேண்டாம், விளக்கம் எழுதவும் என்று. நாற்பது பிள்ளைகள், நாற்பது தாய்மார், எல்லாரும் ஓம் சொன்னார்கள் என்று ஒரு வரி எழுதி அனுப்பினாள். அதற்குப் பதில் வரவில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை.

ஐயாவின் வாகனங்கள் நாயாற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம் இப்போதும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. வளவிலிருந்து போன அந்த வெயில் அவற்றைச் சுற்றி நிற்கிறது, ஐயாவுக்கு எந்த நேரமும் மூன்று நாற்பதுதான். கார்த்திகை மழையில் ஊரே நனைந்து கிடக்கும்போது அந்த இடத்தில் மட்டும் நல்ல வெயில் எறிக்கிறபடியால், சனம் மீனைக் கீறி உப்பு வைத்துக் கொண்டுபோய் அங்கே காயப்போடுகிறது. மரியநாயகமும் கிழமைக்கு இரண்டு தடவை போவார். இடைக்கிடை ஐயா கண்ணாடியை இறக்கி, பிள்ளைகள் காத்துக்கொண்டு நிற்கிறார்களா என்று விசாரிப்பார். "ஓம் ஐயா, வரிசையிலதான் நிக்கினம், வாங்கோ" என்று சொல்லிவிட்டுப் பெண்கள் கருவாட்டை மற்றப் பக்கம் புரட்டிப் போடுவார்கள்.