கெஞ்சாத மனிதரின் காட்சி

கிருஷ்ணராசா அவர்கள் திரையில் பத்தொன்பது தடவைகள் இறந்திருக்கிறார். பதினொரு தடவை கடைக்காரராகவும், ஐந்து தடவை டாக்சி ஓட்டுநராகவும், எஞ்சிய மூன்று தடவை பெயரில்லாத நோயாளியாகவும். பார்சல் கிடங்கு ஒன்றில் வேலை செய்துகொண்டே முப்பத்தைந்து ஆண்டுகளாக ஆங்கிலத் தொலைக்காட்சி நாடகங்களில் அவருக்குக் கிடைத்துவந்த வேடங்கள் இவையே.

"கடைக்காரன் சுடுபட்டு விழேக்கை தட்டைப் பிடிச்சுக்கொண்டு விழவேணும், பிள்ளை. சாமான் எல்லாம் கொட்டுப்பட வேணும். இல்லாட்டி அது கடைக்காரன் இல்லை, சும்மா செத்தவன்" என்று படப்பிடிப்பின் முதல் நாளில் எனக்கு விளக்கினார்.

நான் லண்டனில், விம்பிள்டன் பகுதியில் ஒரு மருந்துக்கடையில் பணிபுரிகிறேன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் தமிழ் படித்தவள் என்ற ஒரே தகுதியினால், அவர் எழுதி நடித்த அக்குறும்படத்துக்கு அழைக்கப்பட்டேன். அதில் அவருக்கு மகனாக நடித்த யனுஷனுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. ஆகவே கமெராவுக்குப் பின்னால் நின்று அவருக்கு வசனம் எடுத்துக்கொடுப்பது என் பொறுப்பாயிற்று. கிருஷ்ணராசா அவர்களுக்கு நான் ஒரு சொல்லேனும் எடுத்துக்கொடுக்க நேர்ந்ததில்லை. கதையும் வசனமும் அவருடையவை.

பழைய கறுப்பு வெள்ளை ஹாலிவுட் படங்களில் முகம் தெரிந்து பெயர் தெரியாத நடிகர்களை அவருக்கு மிகவும் பிடிக்கும். கதாநாயகனுக்குக் கதவு திறந்துவிடுபவர், நீதிமன்றத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்பவர். அவர்களிற் சிலர் ஓய்வு நேரத்தில் திரைக்கதையும் எழுதினார்களாம். "தனக்கு ஒருத்தரும் நல்ல வசனம் தராட்டி, தானே எழுதவேண்டியதுதானே" என்பார். அப்படி அவர் எழுதிய திரைக்கதைகள் ஏழு. ஆறு திரைக்கதைகளை எவரும் படமாக்கவில்லை. ஏழாவதைத் திரு. ரதீசன் அவர்கள் எடுக்க முன்வந்தார். கல்யாண வீடியோக்கள் எடுத்துப் பெயர் பெற்றவர் அவர். வயது முப்பத்து நான்கு.

கதை சிறியது. மகன் தன் தகப்பனை முதியோர் இல்லத்தில் விடத் தீர்மானிக்கிறான். தகப்பன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மகனிடம் இரண்டு பக்கம் பேசிவிட்டு, தானாகவே தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியேறுகிறார். இந்த இரண்டு பக்கங்களை எழுத அவருக்குப் பதினான்கு மாதங்கள் சென்றன.

"என்ர ஆள் கெஞ்சமாட்டார். அதுதான் கதை. மற்றதெல்லாத்தையும் வெட்டலாம்" என்று அவர் கூறியதை நான் மூன்று தடவைகளாவது கேட்டிருக்கிறேன். திரு. ரதீசன் அவர்களும் கேட்டிருக்கிறார்.

அந்தக் காட்சியைத் தோர்ண்டன் ஹீத்தில், இயக்குநரின் மாமியார் வீட்டு முன்னறையில் ஒரு சனிக்கிழமை பிற்பகல் எடுத்தோம். சோபாவில் தகப்பனாகக் கிருஷ்ணராசா அவர்கள், எதிரே ஒரு கதிரையில் முதுகு காட்டியபடி மகன், மகனின் தோளுக்கு மேலால் கமெரா. நான்கு தடவைகள் எடுத்தாயிற்று. நான்காவது தடவை யனுஷனே கண்ணைத் துடைத்துக்கொண்டார். இயக்குநருக்குத் திருப்தி ஏற்படவில்லை.

"அங்கிள், குறை நினைக்காதேங்கோ. நீங்கள் லெக்சர் அடிக்கிறீங்கள்."

"லெக்சர் இல்லைத் தம்பி. அந்தாள் நிமிர்ந்து நிண்டு கதைக்கிறார்."

"சனத்துக்கு நிமிர்ந்தவையைப் பிடிக்காது. சனம் அழவேணும். ஒருக்கா மகனிட்டைக் கெஞ்சிப் பாருங்கோவன்."

"அது மட்டும் ஏலாது."

திரு. ரதீசன் அவர்கள் யனுஷனைத் தேநீர் குடிக்கச் சமையலறைக்கு அனுப்பினார். "குளிருது" என்று கூறி, யனுஷன் காட்சிக்காக அணிந்து பின் கழற்றி வைத்த ஜாக்கெட்டை எடுத்துத் தாம் அணிந்துகொண்டார். மகனின் கதிரையில் அமர்ந்தார். ஹீட்டர் போட்டிருந்த அறை அது. எனக்கு வியர்த்துக்கொண்டிருந்தது.

"அப்ப நான் ரங்கராஜன் அண்ணையைக் கூப்பிடுறன், அங்கிள். வாற சனிக்கிழமை அவர் ஃப்ரீ. இரண்டு நிமிஷத்தில கண்ணீர் வரும் அவருக்கு."

"என்ர கதையைத் தம்பி..."

"கதை உங்கடைதான். பேர் போடுவன். ஆனா நடிக்கிறது அவர். உங்களை, ஒரு செத்தவீட்டுச் சீன் சேர்த்து, அதில பிரேதமாப் போடலாம். உங்களுக்குப் பழக்கம்தானே."

கமெராவருகே உதவிக்கு நின்ற மிதுலன் சிரித்துவிட்டார். திரு. ரதீசன் அவர்கள் கைத்தொலைபேசியை எடுத்து இலக்கத்தைத் தேடலானார்.

கிருஷ்ணராசா அவர்கள் சோபாவிலிருந்து முன்னோக்கிச் சரிந்தார். முதலில் அவரது குரலை என்னால் அடையாளம் காண இயலவில்லை.

"தம்பி, வேண்டாம். என்னை எடுத்தெறியாதையும். இவ்வளவு காலமும் மற்றவை இரு எண்ட இடத்தில இருந்தனான். விழு எண்ட இடத்தில விழுந்தனான். இந்த ஒருக்கா மட்டும் என்ர சொல்லைக் கேளும். உமக்கு ஒரு கரைச்சலும் தரமாட்டன். உம்மட காலைப் பிடிக்கிறன்."

மெய்யாகவே பிடித்தார். எழுபத்தொரு வயதில், கம்பளத்தில் முழந்தாளிட்டு, இரண்டு கைகளாலும்.

அப்போதுதான் கமெராவின் மேற்புறத்தில் எரிந்துகொண்டிருந்த சிறிய சிவப்பு விளக்கு என் கண்ணிற் பட்டது. ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். ஆனால் மூத்தவர் ஒருவர் பேசிக்கொண்டிருக்கையில் குறுக்கே பேசுவது மரியாதையன்று என்று வளர்க்கப்பட்டவள் நான். அவர் பேசி முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். அவர் முடித்தபோது விளக்கு அணைந்திருந்தது.

"சரி சரி, எழும்புங்கோ அங்கிள். என்ன இது, சின்னப் பிள்ளை மாதிரி" என்று திரு. ரதீசன் அவர்கள் மிகுந்த கனிவுடன் அவரைத் தூக்கிவிட்டார். "உங்கட இஷ்டப்படியே வைச்சிருக்கிறன்."

ஐந்தாவது தடவை அவர் தமது இரண்டு பக்கங்களையும் நிமிர்ந்து நின்று பேசினார். அதைவிடச் சிறப்பாக எவரும் பேசி நான் கேட்டதில்லை. வீட்டுக்குப் புறப்படுகையில், "என்ர ஆளைக் காப்பாத்திப்போட்டன், பிள்ளை" என்றார். ஓம் என்றேன்.

கோடைகாலத்தில் திரு. ரதீசன் அவர்கள் தொகுத்த படத்தை எனக்கு அனுப்பி, வசனங்களுக்கு ஆங்கில உபதலைப்பு எழுதித் தருமாறு கேட்டுக்கொண்டார். இரண்டு பக்க வசனம் படத்தில் இல்லை. ஐந்தாவது தடவை நடித்ததும் இல்லை. ஜாக்கெட் அணிந்த ஒரு முதுகும், அதன் முன்னால் முழந்தாளிட்ட ஒரு கிழவரும் இருந்தார்கள். நான் தொலைபேசியில் அழைத்து, இது அவருக்குத் தெரியுமா என்று பணிவுடன் வினவினேன்.

"எடுக்கிற எல்லாத்தையும் பாவிக்கலாம் எண்டு சைன் வைச்சிருக்கிறார், அக்கா. பார்த்தா சந்தோஷப்படுவார். நீங்கள் சொல்லிக் கெடுத்துப்போடாதேங்கோ."

நான் சொல்லவில்லை. சரியான ஆங்கிலச் சொற்கள் அமைவதற்காக அக்காட்சியைப் பதினொரு தடவைகள் ஓடவிட்டுக் கேட்டேன்.

திரையிடல் ஒரு ஞாயிறு பிற்பகல், கிங்ஸ்பரியில் ஒரு பாடசாலை மண்டபத்தில் நடைபெற்றது. குறும்பட விழா. நானூறு பேருக்குக் குறையாது. கிருஷ்ணராசா அவர்கள் சாம்பல் நிறக் கோட் அணிந்து என் அருகே அமர்ந்திருந்தார். அக்காட்சி நெருங்கியதும், "இப்பதான் பாரும்" என்று என் கையைத் தட்டினார்.

திரையில் அவர் முழந்தாளிட்டார். என் அருகில் இருந்தவர் அசையவில்லை. மண்டபமெங்கும் மூக்கை உறிஞ்சும் ஒலி எழுந்தது. எங்களுக்குப் பின்னால் ஒரு பெண்மணி, "ஐயோ, கடவுளே" என்று விம்மினார்.

"உமக்கு இது தெரியுமோ, பிள்ளை?" என்று திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"தெரியாது அங்கிள்."

படம் முடிந்து பெயர்கள் ஓடின. கதை வசனம், கிருஷ்ணராசா. ஆங்கில உபதலைப்பு, சிவகௌரி. அவர் இரண்டையும் வாசித்தார். என்னிடம் வேறெதுவும் கேட்கவில்லை.

சிறந்த நடிகருக்கான விருது அவருக்கே கிடைத்தது. நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கிய வானொலி அறிவிப்பாளர் லோஜினி அவர்கள் உணர்ச்சிவசப்பட்டிருந்தார்.

"அங்கிள், ஒரு தகப்பன் பெத்த மகனைப் பார்த்து 'நீ' எண்டில்லாமல் 'நீர்' எண்டு கூப்பிடுறார். அந்த ஒரு சொல்லில எவ்வளவு தூரம்! எப்பிடி அங்கிள் எழுதினீங்கள்?"

அவர் ஒலிவாங்கியைப் பார்த்துக்கொண்டு நின்றார். திரு. ரதீசன் அவர்கள் அதைத் தம் கையில் வாங்கினார்.

"எழுத்தெண்டா அதுதான் எழுத்து. அங்கிளிட்டை இன்னும் ஆறு கதை இருக்குது. அடுத்ததையும் நான்தான் எடுக்கப்போறன்." கைதட்டல் எழுந்தது. "ஆனா அதுக்கு முதல், அந்த சீனை ஒருக்கா இதில செய்து காட்டவேணும். என்ன சொல்லுறீங்கள்?"

"செய்யுங்கோ அங்கிள்!" என்று பின்வரிசைகளிலிருந்து குரல்கள் எழுந்தன. யாரோ விசிலடித்தார்கள். நூற்றுக்கணக்கான கைத்தொலைபேசிகள் உயர்ந்தன.

ஆறு கதைகள். அவர் விருதை மேசையில் வைத்தார். மறுத்து ஏதோ கூறப்போகிறார் என்றே எண்ணினேன். கோட்டின் பொத்தானைக் கழற்றிவிட்டு, ஒரு காலை மடித்து, பின்னர் மற்றதையும் மடித்தார்.

"தம்பி, வேண்டாம். என்னை எடுத்தெறியாதையும்."

மண்டபம் அடங்கியது. ஒவ்வொரு வரியாகச் சொல்லிக்கொண்டு போனார். கரைச்சல் தரமாட்டன் என்பதுவரை வந்து நின்றுவிட்டார். ஒரு கணம் அதுவும் நடிப்பென்றே எல்லோரும் எண்ணினர். அவர் தலையைத் திருப்பி இரண்டாம் வரிசையில் என்னைத் தேடினார். வாழ்நாளில் ஒரு வசனத்தையும் மறந்தறியாதவர் அவர்.

"பிள்ளை சிவகௌரி, அடுத்தது என்ன? உமக்குத் தெரியும்தானே."

ஒலிவாங்கி அதை மண்டபம் முழுவதற்கும் கொண்டுசென்றது. சனம் அன்போடு சிரித்தது. நானூறு முகங்கள் என் பக்கம் திரும்பின.

தெரியாது என்று மீண்டும் ஒரு தடவை சொல்லியிருக்கலாம். அவ்வளவு பேரையும் காக்கவைப்பது அழகன்று என்று தோன்றியது. எழுந்து நின்று, கடைசி வரிசைக்கும் கேட்கும்படி, சொற்களைத் தெளிவாக உச்சரித்து எடுத்துக்கொடுத்தேன்.

"உம்மட காலைப் பிடிக்கிறன்."

"நன்றி" என்றார். பின்பு இரண்டு கைகளையும் நீட்டினார். திரு. ரதீசன் அவர்கள், எல்லோருக்கும் நன்றாகத் தெரியும்படி, வெளிச்சம் விழும் பக்கமாகச் சற்றே திரும்பி நின்றுகொடுத்தார்.