கோந்துவைப் பூட்டிய நாள்

கல்லூரியில் அவனுக்கு ரெக்கை என்று பெயர். கால்பந்து அணியில் இடது ஓரத்தில் ஓடுகிறவன். பந்து காலில் பட்டுவிட்டால் கோட்டை ஒட்டியே பறப்பான். இப்போது ஐம்பத்து மூன்று வயது. குடிநீர் வாரியத்தில் பொறியாளர் வேலை, இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ஆனாலும் போனில் யாராவது “டேய் ரெக்கை” என்று கூப்பிட்டால் தோள்பட்டை தானாக நிமிர்ந்துகொள்ளும்.

அன்று அப்படிக் கூப்பிட்டது பழைய கேப்டன்.

“அடுத்த மாசம் ரெண்டு காலேஜ் பழைய ஆளுங்களும் ஒண்ணா சேருறோம். நீ மேடையில பேசற. அந்த ஸ்டோர் ரூம் கதையை எடுத்து விடு. சிரிச்சு வயிறு புண்ணாகணும்.”

“அதுல சிரிக்க என்னடா இருக்கு?”

“முப்பத்தோரு வருஷம் ஆச்சுப்பா. இன்னும் என்ன?”

“கோந்து வரானா?”

“வரேன்னு சொல்லியிருக்கான்.”

போனை வைத்த பிறகும் ரெக்கை மேஜையில் விரித்திருந்த குழாய் வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு கோடும் மண்டையில் ஏறவில்லை.

ஊரில் இரண்டு கல்லூரிகள். ஒன்று மேட்டில், ஒன்று ஆற்றங்கரையில், நடுவே ஒரு பாலம். ரெக்கை மேட்டுக்காரன். வருடம் முழுக்க இரண்டு கல்லூரிப் பையன்களும் ஒரே தியேட்டரில் விசிலடித்து, ஒரே கடையில் டீ குடித்து, ஒரே பெண்ணின் பின்னால் சைக்கிள் ஓட்டுவார்கள். கோப்பைப் போட்டிக்கு முந்தின வாரம் மட்டும் எலியும் பூனையும். ஒரு வருடம் ஆற்றங்கரைக்காரர்கள் மேட்டு விடுதியிலிருந்த இடது கால் செருப்புகளை மட்டும் மூட்டை கட்டிக்கொண்டுபோய்ப் பாலத்துக் கைப்பிடியில் வரிசையாகத் தொங்கவிட்டார்கள். விடுதியே ஒற்றைச் செருப்போடு நொண்டியடித்துப் பாலம் வரை போனது. பதிலுக்கு ரெக்கையும் கேப்டனும் அவர்களுடைய ஆண்டு விழா மேடைக்கு அடியில் ஆறு கோழிகளை விட்டார்கள். அவர்களுடைய கல்லூரி முதல்வர் ‘ஒழுக்கம்’ என்று குரலை உயர்த்தும்போதெல்லாம் கீழேயிருந்து கொக்கரக்கோ பதில் சொன்னது. வார்டன்களே முதுகைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்கள். அந்த நாட்களை நினைத்தால் ரெக்கைக்கு இன்றும் வாய் தானாக மலரும்.

மூன்றாம் வருடம்தான் எல்லாம் கெட்டது.

அதற்கு முன் இரண்டு இறுதிப்போட்டிகளில் மேட்டுக் கல்லூரி தோற்றிருந்தது. காரணம் ஒரே ஆள். எதிரணி கோல்கீப்பர், குச்சி மாதிரி உடம்பு, நீள நீளமான விரல்கள். பந்து அவன் கையில் வந்து ஒட்டிக்கொள்ளும் என்பதால் கோந்து. அடுத்த மாதம் நாட்டின் இளையோர் அணித் தேர்வுக்கு அவனை அழைத்திருந்தார்கள். அதற்காகத் தலைக்கனமெல்லாம் கிடையாது. டீக்கடையில் ரெக்கையிடம் அவனே சொல்லியிருக்கிறான்: “அடிக்கறதுக்கு முன்னாடியே எந்தப் பக்கம்னு உன் தோள் காட்டிக் குடுத்துடுது. அதை மாத்திக்கோ.” எதிராளிக்கு யார் அப்படிச் சொல்வார்கள்?

யோசனை கேப்டனுடையது. மைதானத்துக்குப் பின்னால் வலைகளும் பாய்களும் போட்டு வைக்கும் தகரக் கூரை அறை ஒன்று இருந்தது. “முதல் பாதி மட்டும் உள்ள கிடக்கட்டும். இடைவேளையில திறந்து விட்டுடு. நீ கூப்பிட்டாதான் சந்தேகப்படாம வருவான்.”

ரெக்கை கூப்பிட்டான். “கோந்து, பந்தெல்லாம் சரியா இருக்கான்னு ரெண்டு பக்கத்துலருந்தும் ஒரு ஆள் பாக்கணுமாம். வா.”

கோந்து வந்தான், உள்ளே நுழைந்து பந்துப் பையைத் தேடினான். ரெக்கை கதவைச் சாத்தினான், பூட்டு விழுந்தது. உள்ளேயிருந்து சிரிப்புதான் கேட்டது. “டேய் ரெக்கை, செருப்புக்குப் பழி வாங்கறியா? போதும், திற.” ரெக்கையும் சிரித்தான். சாவியைக் காலுறைக்குள் செருகிக்கொண்டு ஓடினான். அப்போது மணி ஒன்றே முக்கால்.

ஆற்றங்கரைக்காரர்கள் கோந்துவைத் தேடித் தேடி அலுத்து, மாற்று ஆளை நிறுத்தினார்கள். மைதானத்துக் கூச்சலில் அவன் கதவைத் தட்டியது யாருக்கும் கேட்கவில்லை. இடைவேளையில் மேட்டுக் கல்லூரி இரண்டு கோல் முன்னால் இருந்தது. ஒன்று ரெக்கை அடித்தது. கதவைத் திறந்து விட அவன் எழுந்தான். கேப்டன் அவன் தோளை அழுத்தினான். “இன்னும் இருபது நிமிஷம்டா.” அவன் உட்கார்ந்துவிட்டான். அந்த உட்கார்தலைத்தான் பிற்பாடு அவன் எத்தனையோ முறை நினைத்துப் பார்த்தான்.

ஜெயித்தார்கள். அவனைத் தோளில் தூக்கினார்கள், லாரியில் ஏற்றினார்கள், மேளம் காதைப் பிளந்தது. ஊர்வலம் பாலத்தைத் தாண்டி டீக்கடையில் போய் நின்றது. வெயில் தாழ்ந்திருந்தது. பெஞ்சில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினான். காலுறையிலிருந்து சாவி தரையில் விழுந்தது.

வெறுங்காலோடு ஓடினான். போட்டியில்கூட அப்படி ஓடியதில்லை.

கதவைத் திறந்ததும் அனல் முகத்தில் அடித்தது. கோந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். வலது கையை ஜெர்சியால் சுற்றியிருந்தான், ஜெர்சி ரத்தத்தில் நனைந்திருந்தது. உயரத்திலிருந்த சின்ன ஜன்னலை உடைத்துக் கையை வெளியே விட்டிருக்கிறான். கண்ணாடி கிழித்துவிட்டது. ரெக்கை அவனை முதுகில் சுமந்துகொண்டு சாலைக்கு வந்து, ரொட்டி வண்டியை மறித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் இரண்டு விரல்களின் நரம்பு அறுந்திருந்தது. இனி அவை மடங்காது என்று டாக்டர் சொன்னார்.

மறுநாள் ரெக்கையே முதல்வர் அறைக்குப் போய்ச் சொன்னான். கேப்டன் பெயரைச் சொல்லவில்லை. ஒரு வருடம் நீக்கினார்கள். அழைத்துப்போக வந்த அப்பா ஒரு வார்த்தை திட்டாமல் அவன் படுக்கையைச் சுருட்டிக் கட்டினார். நாலு அறை அறைந்திருக்கலாம் என்று இருந்தது. போகிற வழியில் ஆஸ்பத்திரியில் இறங்கினான். வாசலில் கோந்துவின் அக்கா நின்றிருந்தாள். “இப்ப வேணாம்ப்பா. அவனுக்கு உன்னைப் பாக்கப் பிடிக்கல” என்றாள். அவன் திரும்பினான். அதோடு முப்பத்தோரு வருடம் ஓடிவிட்டது.

சந்திப்பு நாளில் மண்டபம் நிறைந்திருந்தது. கேப்டன் கோழி மாதிரி கூவி எல்லோரையும் சிரிக்க வைத்துவிட்டு, ரெக்கையை அழைத்தான். ரெக்கை கதையை நடந்தபடியே சொன்னான். செருப்புக்குச் சிரித்தவர்கள் சாவிக்கு வந்தபோது அமைதியானார்கள். “தப்பு என்னுது. அன்னைக்கு ஆஸ்பத்திரி வாசலோட திரும்பினதும் தப்புதான்” என்று சொல்லி இறங்கினான். கேப்டன் தலையைக் குனிந்துகொண்டிருந்தான்.

வெளியே கை கழுவுமிடத்தில் வழுக்கைத் தலையும் தொப்பையுமாக ஒருவர் வந்து நின்றார். சோப்பைப் பிடித்த வலது கையில் இரண்டு விரல்கள் விறைத்து நீட்டிக்கொண்டிருந்தன.

“மேடையில நாலு மணி நேரம்னு சொன்ன. மூணே முக்கால்தான். நான் எண்ணிட்டு இருந்தவன்.”

ரெக்கை குழாயை மூடிவிட்டு அவன் பக்கம் திரும்பினான்.

“ஒண்ணு சொல்லட்டுமா?” என்றான் கோந்து. “நீ பூட்டினதுக்குக்கூட நான் அவ்வளவு கோவப்படல. கதவு திறந்துச்சே, உன் மூஞ்சியைப் பாத்ததும் எனக்கு முதல்ல சந்தோஷம் வந்துச்சு. அப்பாடா, ரெக்கை வந்துட்டான்னு. உன்னையா பாத்து சந்தோஷப்பட்டோம்னுதான் ரொம்ப வருஷம் ஆத்திரம் தீரல.”

“இப்ப?”

“இப்ப என்ன, கொஞ்சம் இருக்கு. முழுசா போகும்னு சொல்ல மாட்டேன்.” கையைத் துடைத்துக்கொண்டான். “ஞாயித்துக்கிழமை காலையில அம்பது தாண்டின ஆளுங்க சேர்ந்து விளையாடறோம். நான் இப்ப ஃபார்வர்டு. பந்தைக் கொண்டாந்து குடுக்க இடது பக்கம் ஒருத்தனும் இல்ல.”

“எனக்கு மாடி ஏறினாலே மூச்சு வாங்குதுடா.”

“எங்க எல்லாருக்கும்தான் வாங்குது. வா.”

ரெக்கை போனான். பத்தாவது நிமிடத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, காலடியில் பந்தோடு கோட்டோரமாகக் குனிந்து நின்றான். மைதானத்தின் நடுவிலிருந்து கோந்து கத்தினான்: “நின்னு வேடிக்கை பாக்கவா வந்த? பந்தைக் குடுடா!”