அடியில் தின்னும் கடல்

...விழுவதற்கு முன்னால் சத்தம் வரும் என்று எழுதியிருந்தானா, விழுந்த பிறகுதான் சத்தம் என்று எழுதியிருந்தானா? ராக்குவுக்கு அதுதான் பிடிபடவில்லை. தம்பியின் கடுதாசியை எடுத்துப் பார்க்கலாம் என்றால் இரண்டு கையிலும் சாணி. மூன்று நாள் கொட்டிய ஐப்பசி மழை இப்போதுதான் வெறித்திருக்கிறது, வெள்ளிக்கிழமை வேறு, விளக்கு வைப்பதற்குள் வாசலை மெழுகியாக வேண்டும்... இந்த மாட்டுக்கு என்ன கேடோ, வரவர ஒரு வாசலுக்குக் காணுகிற சாணிகூடப் போடுவதில்லை, பக்கத்து எஸ்டேட் செல்லத்தாயிடம் ஒரு கூடை கடன் வாங்கி வந்திருக்கிறாள். தம்பி சின்னமுத்துவுக்கு என்ன, கப்பல் வேலை, சுற்றுகிறான். போடியில் பிறந்தவன் பூமியின் உச்சந்தலைக்கே போய் ஐஸ் மலையைப் பார்த்துவிட்டு நாலு பக்கம் எழுதியிருக்கிறான். மலைகூட இல்லையாம், ஆறாம். ஆயிரம் வருசத்துப் பனி ஒன்றன்மேல் ஒன்று அழுந்தி ஐஸாகி, தன் கனத்திலேயே சரிந்து சரிந்து கடலுக்கு வந்து நிற்குமாம். ஐஸ் நடக்குமா? நடக்குமாம், ஒரு நாளைக்கு நாலு முழம். 'கடல் பச்சத்தண்ணிதானேன்னு நெனைக்காதக்கா, அந்த ஐசுக்குக் கடல் சூடு. அடியில தின்னுக்கிட்டே இருக்கும். மேல வெடிப்பு விடும், வெடிப்புக்குள்ள தண்ணி எறங்கி நெம்பும். பாத்துக்கிட்டே இருக்கையில நம்ம பஸ் ஸ்டாண்டு அம்புட்டுப் பெருசு பேந்து விழுந்து, மெதந்து போயிரும்.' அம்புட்டுப் பெரியது எப்படி மிதக்கும்? கனத்தால் விழுந்ததா, அடி போனதால் விழுந்ததா? படிக்கப் படிக்கக் குழப்பம்தான்.

வெடிப்பு... இங்கேயும்தான் ஒன்று கிடக்கிறது, வாசலின் குறுக்கே, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும். இந்தப் பக்கம் அவளும் வீடும். அந்தப் பக்கம், பள்ளத்தை ஒட்டி, ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர். உள்ளே அவள் புருசன் ஒச்சப்பன் நேற்றுக் காலையிலிருந்து அடுப்போடு அடுப்பாகக் கிடக்கிறான், முப்பது மணி நேரம் சூடு விடாமல் எரிக்க வேண்டும், நடுவில் தணிந்தால் காயின் பச்சை போய்விடும், மறு பேச்சே இல்லை. அடுப்புச் சூட்டுக்கு மண் வெடிக்காமல் என்ன செய்யும் என்பான் கேட்டால். இருக்கும், அவன் சொல்வதும் சரிதான். அப்படியென்றால் ஏன் போன வருசமெல்லாம் வெடிக்கவில்லை? போன வருசமும் இதே அடுப்புதானே... போன வருசம் கீழே ரோடு இல்லை. தலைச்சுமையாய் மூட்டை சுமந்து கழுத்து போகிறது, ஜீப்பு வாசலுக்கு வரும்படி ஒரு பாதை வெட்டக்கூடாதா என்று நச்சரித்தது யார்? அவளேதான். மாசியில் ஸ்டோருக்கு அடியில் கரையை ஆள் உயரத்துக்கு வெட்டி எடுத்தான். வெட்டிய மண்ணில் இப்போது ஓடை புகுந்து போகிறது, மூன்று நாளாய் அதன் இரைச்சல் காதை அடைக்கிறது. அய்யோ, கேட்காமலே இருந்திருக்கலாம்.

போடி பஸ் ஸ்டாண்டில் தம்பி சின்னப் பையனாக இருந்தபோது ஒரு குச்சி ஐஸ் வாங்கிக் கொடுத்தாள், அடியிலேயே சப்பிக்கொண்டு நின்றான், பொத்தென்று மொத்தமும் மண்ணில் விழுந்தது. அடியில சப்பாதடா, மேல இருந்து தின்னு என்று முதுகில் ஒன்று வைத்தாளே, அன்றைக்குத் தெரிந்தது இத்தனை நாள் எங்கே போயிற்று? ஐஸும் மண்ணும் ஒன்றா? ஐஸ் உருகும், மண் உருகுமா... மழையில் கரையாதா? பயமாக இருந்தது, யாரிடம் சொன்னாலும் சிரிக்கிற பயம்.

"ஏங்க, செத்த வெளிய வாங்களேன்."

"எதுக்கு?" ஸ்டோருக்குள்ளிருந்து ஒச்சப்பனின் குரல் மட்டும் வந்தது.

"சும்மாதான்... தம்பி கடுதாசியில..."

"உன் தம்பி ஐசைப் பாத்தான்னு நான் அடுப்ப அணைக்கணுமாக்கும்? போயி சோலியப் பாரு புள்ள."

"வாசல் வெடிச்சுக் கெடக்குங்க. எனக்குப் பயமா இருக்கு."

உள்ளே விறகைத் தள்ளும் சத்தம் கேட்டது. பிறகு, "முந்திக்கு இப்பக் கூடியிருக்கா? வாராவாரம் பாக்குறவ நீதான, சொல்லு. கூடியிருந்தா வர்றேன்."

கூடியிருக்கிறதா? எப்படிச் சொல்வாள்? ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வழித்து அடைத்து, பூசி, கோலமும் போட்டு, வெடிப்பு இருந்த தடமே தெரியாமல் செய்தவள் அவள்தான். பார்த்தாள் என்றா சொல்வது, மறைத்தாள் என்றா? நேற்று எவ்வளவு, போன மாதம் எவ்வளவு, ஒன்றும் கண்ணில் நிற்கவில்லை, மெழுகிய வாசல்தான் நிற்கிறது. குனிந்து கூடையைத் துழாவினாள். காலி. செல்லத்தாய் கொடுத்த கூடையும் காலி. வெடிப்பு இன்னும் வாயைத் திறந்துகொண்டிருந்தது. ஆடியில் முதல்முறை அடைத்தபோது... ஒரு கை. ஒரே ஒரு கை. ஆவணியில் அரைக் கூடை, புரட்டாசியில் ஒரு கூடை, இன்றைக்கு இரண்டும் போய் இன்னும் கேட்கிறது. இத்தனை சாணியும் எங்கே போயிற்று?

மாடு சாணியைக் குறைக்கவில்லை, வெடிப்புதான் கூடியிருக்கிறது. கையைக் கழுவாமலே ராக்கு வெடிப்பைத் தாண்டினாள், அடுப்பிலிருந்து விறகை இழுத்துப் போடுவதா, முதலில் அவனை இழுப்பதா என்று தெரியாமல்.