கொக்கோப் பட்டைச் சாறு

கோலா சிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டத்து ஆய்வுக்கூடத்தில் லில்லியன் உதவியாளராக இருந்தாள். 1986இல் கொக்கோ மரங்கள் நுனி கருகிச் செத்துக்கொண்டிருந்தபோது, ஒரு மூலையில் பதினெட்டு மரங்களை மட்டும் நோய் அண்டவில்லை. காரணம் தேடி, வேதியியலாளர் அமலதாசும் அவளும் ஏழு மாதம் அவற்றின் பட்டையை இடித்துச் சாறு இறக்கினார்கள். கடைசியில் தேறியது ஒரு குப்பிப் பழுப்புக் குழம்பு. மெல்லிய பொடி அடைத்த பெரிய எஃகுக் குழாய்க்குள் அதை ஏற்றிவிட்டால், ஒவ்வொரு சத்தும் தனித்தனியாகப் பிரிந்து வரும்.

ஏற்றுவதற்கு முந்தின நாள் உலு யாமில் அமலதாசின் தாயார் இறந்துபோனார்.

"அவசரப்படாத லில்லியன்," என்றார் அவர், கிளம்பும்போது. "நெறைய தண்ணி கலந்து, பம்ப்புல கொஞ்சங்கொஞ்சமா ஏத்து. ரெண்டு நாள் ஆனாலும் ஆவட்டும்."

மறுநாள் காலை மேனேஜர் ரெங்கசாமி வந்தார். தலைமையகத்து ஆட்கள் பிற்பகல் வருகிறார்கள், அதற்குள் ஏதாவது பிரிந்து வரவேண்டும் என்றார். அவள் அமலதாஸ் சொன்னதைச் சொன்னாள். அவளுடைய ஒப்பந்தம் அடுத்த மாதம் முடிவதைப் பேச்சோடு பேச்சாக அவர் நினைவூட்டினார்.

குழம்பு முழுவதையும் கொஞ்சம் மெத்தனாலில் கரைத்து ஒரே மூச்சில் ஏற்றினாள். குழாயில் ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் பட்டதும் அது கட்டிதட்டி வழியை அடைத்தது. அழுத்தம் காட்டும் முள் ஏறிக்கொண்டே போனது. நிறுத்தட்டுமா என்று கேட்டாள். இன்னும் கூட்டச் சொன்னார் ரெங்கசாமி. கூட்டினாள். குழாயின் மேல்மூட்டு தெறித்து, குழம்பில் பாதி சிமெண்டுத் தரையில் கொட்டியது.

நான்காம் நாள் துக்கத்துக்காகச் சட்டையில் கறுப்புத் துணி குத்தியபடி அமலதாஸ் வந்தார். லில்லியன்தான் அவசரப்பட்டுவிட்டாள் என்று ரெங்கசாமி அதற்குள் அவரிடம் சொல்லியிருந்தார்.

"அவருதான் சொன்னாரு சார். ஆனா ஏத்துனது நான்."

அமலதாஸ் குழாயைத் திறந்து, அடைத்துக் கிடந்ததைச் சுரண்டி எடுத்தார். சோதனைக்குப் போதாது.

"மரம் எதாச்சும் மிச்சம் இருக்கா?"

"இல்ல சார். எண்ணெய்க்குச் செம்பனை நட போன வாரமே புல்டோசர் தள்ளிருச்சு."

சாயந்தரம்வரை அவர் நாற்காலியைவிட்டு எழவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது லில்லியனுக்கு.

இரண்டு மாதத்தில் அவர் வேலையை விட்டு, சுங்கை பெசாரில் பள்ளி ஆசிரியராகப் போனார். அவளுக்கு வேலை நிரந்தரமானது. கடிதத்தை ரெங்கசாமியே கொண்டுவந்தார். அவர் நீட்டிய பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.