பேட்டரி வண்டியில் என்ன பேச்சு

நாகராசுவின் பெண்டாட்டி அடுத்தவர் வண்டியில் ஏறிப் போவதை ஊரே பார்த்தது. ஏறினால்கூடப் பரவாயில்லை. இடம் பிடித்து வைக்கச் சொல்லிவிட்டு ஓடிவந்து ஏறினாள்.

பன்னிரண்டு வருடமாக ஊரிலிருந்து கீரமங்கலத்துக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன் அவன். அவன் ஊர் பஸ் எட்டிப் பார்க்காத ஊர். பூ மூட்டையானாலும் பிரசவ வலியானாலும் அவனுடைய டீசல் வண்டிதான் கதி. அந்த மிதப்பு அவனுக்கு நிறையவே இருந்தது. பொங்கலுக்கு அப்புறம் அதே ஊர்க்காரி ஷர்லி ஒரு பேட்டரி ஆட்டோ வாங்கி அதே ரோட்டில் விட்டாள். புகை இல்லை, சத்தம் இல்லை. இவனுக்கு வயிற்றெரிச்சல்தான் மிச்சம்.

ஆட்கள் அங்கே சாய்ந்ததைக்கூடத் தாங்கிக்கொண்டான். பூக்கடைக்கு மாலை கட்டப் போகும் பெண்டாட்டி கண்ணாத்தாளும் மாறியதைத்தான் செரிக்க முடியவில்லை.

"ஒங்க வண்டியில வந்தா எறங்குனப்பறமும் காதுக்குள்ள ஓடிக்கிட்டே இருக்குங்க," என்றாள். அத்தோடு விட்டிருக்கலாம். "அங்கிட்டுன்னா நாலு வார்த்தை பேசிக்கிட்டுப் போகலாம்."

"அப்படி என்னத்தடி பேசுறீங்க?"

"சும்மா, ஏதாச்சும்."

அந்த ஏதாச்சும் அவனைப் பிடித்து ஆட்டியது. குழம்பு ஊற்றட்டுமா என்பதற்கு மேல் அவள் தன்னிடம் பேசி எத்தனை வருடம் இருக்கும் என்று யோசித்துப் பார்த்தான். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் அந்த வண்டிக்குப் பின்னாலேயே ஓட்டிப் போனான். கண்ணாத்தாள் கையை ஆட்டி யாரையோ நடித்துக் காட்டினாள். முன்பெல்லாம் இவன் வண்டியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு உம்மென்று வந்த பெரியவர் உடையப்பன்கூட அங்கே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நாகராசுவின் காதில் விழுந்ததெல்லாம் தன் என்ஜின் சத்தம்தான்.

வெள்ளிக்கிழமை காலை வண்டியை வீட்டிலேயே போட்டுவிட்டு ரேஷன் கடை முன்னால் போய் நின்றான்.

"வண்டி ரிப்பேராண்ணே?" என்று நிறுத்தினாள் ஷர்லி.

"ஆமாத்தா," என்று பொய் சொல்லி ஏறினான். கண்ணாத்தாள் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

"சாப்புட்டீங்களா?"

"ம்."

அவ்வளவுதான். உடையப்பன் தென்னந்தோப்பைப் பார்த்தார். ஒருத்தி முந்தானையைச் சரிசெய்தாள். சக்கரத்தில் சரளை நொறுங்குவதுகூடத் துல்லியமாகக் கேட்டது. தானே எதையாவது தொடங்கலாம் என்று பார்த்தான். பேச ஒன்றும் வரவில்லை.

"எனக்காக நிறுத்தாதீங்க, பேசுங்க," என்றான். எல்லோரும் மரியாதையாகச் சிரித்து வைத்தார்கள். அதற்குப் பதில் திட்டியிருந்தாலும் தேவலை.

வாய்க்கால் பாலத்தில், "இங்கன நிறுத்துத்தா, ஒரு வேலை இருக்கு," என்றான். அங்கே என்ன வேலை என்று ஷர்லி கேட்கவில்லை. கண்ணாத்தாளும் கேட்கவில்லை.

அவனை இறக்கிவிட்ட வண்டி வளைவைக்கூடத் தொடவில்லை. யாரோ ஏதோ சொல்ல, கண்ணாத்தாள் வாய்விட்டுச் சிரித்தாள். கல்யாணமான இந்தப் பதினெட்டு வருடத்தில் அந்தச் சிரிப்பை அவன் இவ்வளவு தெளிவாகக் கேட்டதில்லை. பாலத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு, அது தேய்ந்து மறைகிற வரைக்கும் நின்றான்.